முப்பத்திரண்டு திரைகளில் ஓர் உதடு

அந்தப் படத்தைப் பார்த்ததும் குமரேசன் குடித்துக்கொண்டிருந்த டீயை மேசைமேல் வைத்துவிட்டான். அன்று முழுக்க அதற்கப்புறம் அவனுக்கு டீ இறங்கவில்லை.

செல்போனில் இருந்தது ஓர் அலுவலகக் கணினியின் திரை. அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டை. எக்செல், மெயில், சம்பளக் கணக்கு, அதற்குப் பக்கத்தில் ஈரம் சொட்டும் சிவப்பு உதடு ஒன்று, நுனி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு. 'ஹாய் டார்லிங்' என்று பெயர். முன்பின் தெரியாத பெண்களோடு வீடியோவில் பேசவைப்பதாக ஆசை காட்டும் ஆப். கண்ட குப்பையையும் கணினியில் பார்த்துப் பழகியவன்தான் குமரேசன். ஆனால் சம்பளக் கணக்குக்குப் பக்கத்தில் இது நிற்பதைப் பார்க்க அவனுக்குக் குமட்டியது.

"எங்க கம்பெனில முப்பத்திரண்டு சிஸ்டத்துலயும் இது இருக்கு மேடம்," என்றாள் வந்திருந்த பெண். "நான்தான் வெச்சேன்னு சொல்றாங்க."

அவள் பெயர் ஸ்ரீவித்யா. பீர்க்கன்கரணையில் வீடு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகடு உதிரிபாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே, 'கணினி விவகார விசாரணை' என்று போர்டு போட்ட அபிகாயிலின் அலுவலகத்துக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள்தான் முதல் ஆள். அபிகாயில் ஐம்பதைத் தாண்டியவர். வங்கியில் கணினித் தணிக்கை செய்து, வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தவர். அவருக்கு உதவியாளனாகக் கூடவே இருக்கும் குமரேசனுக்கு எதையும் உடனே கண்டுபிடித்துவிட வேண்டும். அவருக்கு அந்த அவசரம் கிடையாது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார்.

"நான் சேர்ந்தப்போ ஒவ்வொரு சிஸ்டமும் குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது மேடம். கேம்ஸ், கூப்பன், பாட்டு, ஜாதகம்... கேட்காமலே வந்து பட்டையில ஒட்டிக்கும். அதை நிறுத்தறதுக்கு ஒரு பட்டியல் போட்டேன். அது சர்வர்ல இருக்கும். காலைல சிஸ்டத்தை ஆன் பண்ணா, அந்தப் பட்டியலைப் படிச்சு அதுல இருக்கறதை மட்டும்தான் பட்டையில நிறுத்தும். யாரும் புதுசா சேர்க்க முடியாது, இருக்கறதை எடுக்கவும் முடியாது."

"இப்போ அந்தப் பட்டியல்லயே உதட்டைச் சேர்த்துட்டாங்க."

"ஆமா மேடம். வெள்ளிக்கிழமை கார் கம்பெனிக்காரங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாங்க. பெரிய திரையில ரிப்போர்ட் போட்டா, கீழே இது. லேடீஸ் ரெண்டு பேர் எழுந்து வெளியே போயிட்டாங்க. முதலாளி நாற்பது பேர் முன்னாடி என்னை..." அவள் செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "சனிக்கிழமை எல்லா சிஸ்டத்தையும் வெளியாள் வெச்சு ஃபார்மட் பண்ணிட்டாங்க. திங்கட்கிழமை ஆன் பண்ணா மறுபடியும் வந்து நிக்குது. எடுக்கவும் முடியல, நான் போட்ட பூட்டுதானே. சர்வர்ல பார்த்தா, புதன்கிழமை மூணு அம்பத்திரண்டுக்கு என் பேர்லதான் பட்டியலை மாத்தியிருக்கு. ஆயுதபூஜை அன்னிக்கு. எந்த சிஸ்டத்துலேர்ந்துன்னு அதுல இல்ல."

"அப்போ நீ எங்க இருந்தே?"

"ஒன்றே முக்காலுக்கெல்லாம் கிளம்பிட்டேன். வீட்டுல இருந்தே செஞ்சிருப்பேங்கறாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள ராஜினாமா எழுதணும், இல்லேன்னா போலீஸ்ல புகார். எழுதிட்டா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும். அப்புறம் எந்தக் கம்பெனி என்னை நம்பி ஒரு பாஸ்வேர்டு குடுக்கும் மேடம்?"

அபிகாயில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நான் லீவுல இருந்தா வேணும்னு ஒரு கவர்ல ஒட்டி முதலாளி ரூம் பீரோவுல வெச்சிருக்கு. பட்டியல்ல ஒரு ஆப் சேர்க்கணும்னா எப்படின்னு தமிழ்லயே எழுதி அதுக்குள்ள வெச்சிருக்கேன்."

"பூஜை முடிஞ்சு வெள்ளிக்கிழமை என்ன வேலை செய்யறதா இருந்தே?"

கேள்வி எதற்கென்று குமரேசனுக்கு விளங்கவில்லை. ஸ்ரீவித்யாவுக்கும்தான். "ஒவ்வொரு சிஸ்டத்துக்குள்ளயும் என்னென்ன ஆப் கிடக்குன்னு கணக்கெடுக்கறதா இருந்தேன் மேடம். பட்டையிலேர்ந்துதானே எடுத்தேன், பழசெல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும். புதன்கிழமை காலைல எல்லாருக்கும் மெயில் போட்டேன்."

"சரி, கிளம்பலாம்," என்றார் அபிகாயில்.

கம்பெனி வாசலில் ஆயுதபூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் ஆறு நாளாகக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. முதலாளி துரைராஜ் அந்த ஊர்க்காரர். அப்பா பயிர் வைத்த நிலத்தின் ஓரத்தில் இப்போது பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். ஸ்ரீவித்யாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க மேடம், பொறுமையா பாருங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கம்பெனிக்கு ஒரு பேர் கீது. அந்த அசிங்கத்த எம் பொண்ணு வயசுப் பிள்ளைங்க பாத்துகினு வேல செய்யுதுங்க. எனக்கு சோறு எறங்கல."

பக்கத்தில் நிர்வாக மேலாளர் சாம்பசிவன் நின்றார். அறுபதை நெருங்கும் வயது, வெளுத்த வேட்டி சட்டை, நெற்றியில் சந்தனம், மென்மையான குரல். இருபத்திரண்டு வருட சர்வீஸ். "பாவம், என் பொண்ணு மாதிரி," என்றார் ஸ்ரீவித்யாவைக் காட்டி. "போலீஸ் கீலீஸ்னு போகாம நல்லபடியா முடியட்டும்னுதான் லெட்டரை நானே டைப் பண்ணி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டா போதும். எல்லா சிஸ்டத்தையும் துடைச்சிடலாம்னு சொன்னதும் நான்தான். அந்தக் கறை ஒரு நிமிஷம்கூட இங்க இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

மூன்றாவது ஆள் டிசைன் பிரிவுத் தலைவர் ஜெயகிருஷ்ணன். பாட்டு ஆப்பைப் பட்டையிலிருந்து எடுத்ததற்காக ஸ்ரீவித்யாவிடம் எல்லார் முன்பும் கத்திச் சண்டை போட்டவர். அதை மறைக்கவும் இல்லை. "திட்டினேன் சார். இன்னிக்கும் திட்டுவேன். அதுக்காக இந்த மாதிரி... சே!" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

குமரேசனுக்கு அந்த நிமிடமே ஆள் கிடைத்துவிட்டது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவன்தான் செய்திருப்பான் என்று முடிவு கட்டினான். ஆனால் ஆதாரம் வேண்டுமே. முப்பத்திரண்டு கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புதன்கிழமை எது விழித்திருந்தது என்று தேடினான். எல்லாவற்றிலும் சனிக்கிழமைக்கு முந்தைய கதையே இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் அந்த நாக்கு மட்டும் அவனைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. பத்தாவது கணினிக்குப் பிறகு அவன் பட்டைமேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துக்கொண்டு வேலை செய்தான்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றான் எரிச்சலோடு. "உள்ள இருந்த அத்தனையும் போச்சு."

அபிகாயில் திரைகளைப் பார்க்கவேயில்லை. குனிந்து மேசைகளுக்கு அடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "வெளியே இருக்கறதைத் துடைக்கலையே, ஏன்?"

"எது, பொட்டா? அதை யாராவது துடைப்பாங்களா? தானா உதிரணும்."

"எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது குமரேசன். கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

குமரேசன் சொன்னான். ஆயுதபூஜை அன்று சுத்தியல் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள், பூஜை ஆனபிறகு எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது, மிஷினும் கணினியும் ஓய்வெடுக்கும், விஜயதசமிக்குப் பிறகுதான் மறுபடி ஓடும். அவனுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். சொல்லும்போதே இதை எதற்குக் கேட்கிறார் என்று அலுப்பாக இருந்தது.

பெட்டிகளில் பொட்டு, ஆன் செய்யும் பட்டன்மேலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை அமுக்கியதில் நடுவில் உதிர்ந்து, பட்டனைச் சுற்றி மஞ்சளாகச் சந்தன வளையமும் பளிச்சென்ற சிவப்பும் மிஞ்சியிருந்தன. ஸ்ரீவித்யாவின் பெட்டியில் மட்டும் மஞ்சள் இல்லை. கறுஞ்சிவப்பாகக் குங்குமம் மட்டும், விரல் பட்டுக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"கடைசி மேசை இல்லையா, சந்தனம் தீர்ந்துபோயிருக்கும்," என்றான் குமரேசன். அபிகாயில் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பொட்டு வைத்தது, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் முனியம்மா. கூப்பிட்டதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"சந்தனமா, தீந்துபோச்சா? இன்னா பேச்சு பேசற நீ? முப்பத்திரண்டு பொட்டிக்கும் ஒரே கிண்ணத்துலேர்ந்து வெச்சேன். அந்த ஆன் பண்ற பட்டன் மேலயே வெச்சேன், பூஜ முடிஞ்சி எவனும் கைய வெக்கக் கூடாதுன்னு. மிச்சமே கிண்ணம் நெறைய இருந்துச்சு. ஒன்றர மணிக்கு எங்க வூட்டுக்கு எடுத்துகினு பூட்டேன்."

"குங்குமமும் ஒண்ணேதானா?"

"கடையில வாங்கின பாக்கிட்டும்மா. நல்லா செவசெவன்னு இருக்கும்."

அபிகாயில் தலையசைத்துவிட்டு வாட்ச்மேனிடம் கேட் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். பிறகு முதலாளி அறைக்குப் போய் பாஸ்வேர்டு கவரைக் காட்டச் சொன்னார். துரைராஜ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்ததும் தாழம்பூ வாசனை குப்பென்று அடித்தது. கவருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சிமிழ்.

"அது வூட்டுக்காரி கோயில்லேர்ந்து வாங்கியாந்தது, தாழம்பூ குங்குமம். நான் தெனம் வெச்சிப்பேன். பூஜைக்கு அத்த எடுக்கல," என்றார் துரைராஜ்.

"பீரோவுக்கு இன்னொரு சாவி இருக்கா?"

"சாம்பசிவன்கிட்ட ஒண்ணு கீது. வேற யார்கிட்டயும் இல்ல."

அபிகாயில் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் பழைய பசையின்மேல் புதுப் பசை பளபளத்தது. அதற்குப் பிறகு ஸ்ரீவித்யாவைக் கூட்டிக்கொண்டு சர்வர் அறைக்குப் போய்க் கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். துரைராஜ், சாம்பசிவன், ஜெயகிருஷ்ணன், ஸ்ரீவித்யா. முனியம்மாவையும் அபிகாயில் உள்ளே வரச் சொன்னார். அவள் நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றாள்.

"ஸ்ரீவித்யா வீட்டிலிருந்தே பட்டியலை மாத்திட்டாங்கன்னு சொல்றீங்க," என்று அபிகாயில் தொடங்கினார். "அப்படின்னா அவங்க மேசையில இருக்கற பெட்டியை யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஆனா பூஜைக்கு அப்புறம் யாரோ அதை ஆன் பண்ணியிருக்காங்க. முனியம்மா பட்டன் மேல வெச்ச சந்தனம் அதுல இல்ல. துடைச்சுட்டு வேற குங்குமம் வெச்சிருக்கு."

"அப்போ அவங்களே திரும்பி வந்து ஆன் பண்ணியிருக்கலாமே?" என்றார் சாம்பசிவன், வருத்தமாக.

"வரலை சார். ஒண்ணு நாற்பதுக்கு வெளியே போனதா கேட்ல எழுதியிருக்கு, திரும்பி வந்ததா இல்லை. மூணு அம்பத்திரண்டுக்கு ஆபீஸ் ஆளுங்கள்ல கேட்டுக்குள்ள இருந்தது மூணு பேர். தொழிலாளிங்க முற்றத்துல இருந்தாங்க, முதலாளி கையால பொரி வாங்க. அவர் மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் அங்கேயே நின்னதை அறுபது பேர் பார்த்திருக்காங்க. மிச்சம் ரெண்டு பேர்."

ஜெயகிருஷ்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். குமரேசன் அவரைப் பார்க்க வெட்கப்பட்டு மேசையைப் பார்த்தான்.

"இப்போ அந்தக் குங்குமம். கிண்ணத்தை முனியம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயாச்சு. அப்போ இந்த ஆபீஸ்ல குங்குமம் இருந்தது ஒரே இடத்துல, முதலாளி பீரோவுல. தாழம்பூ குங்குமம். ஸ்ரீவித்யா பெட்டியில இன்னும் அந்த வாசனை இருக்கு, யார் வேணா போய்ப் பாருங்க. அந்தச் சிமிழுக்குப் பக்கத்துலதான் பாஸ்வேர்டு கவர். அதைப் பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்கு. பாஸ்வேர்டு தெரிஞ்ச ஸ்ரீவித்யாவுக்குக் கவரைப் பிரிக்கற தேவையே இல்லை. ஜெயகிருஷ்ணன் சார்கிட்ட சாவி இல்லை."

அறையில் யாரும் சாம்பசிவனைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூசினார்கள்.

"நான் ஏம்மா அப்படிப் பண்ணணும்?" சாம்பசிவனின் குரல் இன்னும் மென்மையாகவே இருந்தது. "எனக்கு இந்த வயசுல அந்த அசிங்கம் எதுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். சர்வர்ல இருக்கற உதட்டு ஐகானோட கோப்பைத் திறந்து பார்த்தோம். அந்த மாதிரிக் கோப்பு எந்த சிஸ்டத்துல உருவாச்சோ, அதோட பேரைத் தனக்குள்ள வெச்சிருக்கும். சர்வரை யாரும் துடைக்கலை. இதுல இருக்கற பேர் 'நிர்வாகம் ரெண்டு'. உங்க மேசை சிஸ்டம், அங்கேர்ந்துதான் காப்பி ஆகியிருக்கு. உருவானது ஜூன் மாசம், ஸ்ரீவித்யா பூட்டுப் போடறதுக்கு முன்னாடி."

துரைராஜ் மெல்லத் திரும்பினார்.

"அந்த ஆப் நாலு மாசமா உங்க சிஸ்டத்துல மட்டும்தான் இருந்தது," என்றார் அபிகாயில். "பட்டையிலேர்ந்து போச்சு, உள்ள இருந்தது. புதன்கிழமை காலைல மெயில் வந்தது, வெள்ளிக்கிழமை ஒவ்வொரு சிஸ்டத்தையும் திறந்து பார்ப்பாங்கன்னு. நீக்கறதுக்கும் பாஸ்வேர்டு வேணும். கவரைப் பிரிச்சு எடுத்தீங்க. ஆனா நீக்கினாலும் தடம் இருக்குமோன்னு பயம். முப்பத்திரண்டுலயும் வெச்சுட்டா உங்களோடது அதுல ஒண்ணு. அப்புறம் எல்லாத்தையும் துடைக்கலாம்னு நீங்களே யோசனை சொல்லலாம். பழி இந்தப் பொண்ணு மேல விழட்டும்னுதான் அவங்க மேசையில உட்கார்ந்தீங்க."

சாம்பசிவனின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் இளகி மூக்கருகே வழிந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, "பட்டனை அமுக்கினதும் பொட்டு உதிர்ந்து கையில வந்துடுச்சு," என்றார். "மனசு கேட்கலை. ஆயுதபூஜை அன்னிக்கு வெறுமனே விடக் கூடாதேன்னு..."

குமரேசனால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. "சீ!" என்று எழுந்தான். "ஒரு பொண்ணு பேர்ல சாக்கடையைக் கொட்டறதுக்கு உன் கை கூசல. பொட்டு இல்லாம விடறதுக்கு மட்டும் கூசிச்சா? தூ, உன் பக்தியும் நீயும்!" அந்த நிமிடத்திலிருந்து அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. பூஜை, பொட்டு, வெளுத்த சட்டை, 'என் பொண்ணு மாதிரி', டைப் செய்து வைத்த கடிதம் என்று ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பெல்லாம் கழுவ வேண்டும்போல இருந்தது.

முனியம்மா கதவோரத்திலிருந்து சத்தமாகக் காறினாள். உள்ளே துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டாள்.

துரைராஜ் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்தார். பிறகு சாம்பசிவனை வெளியே போகச் சொன்னார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவன் தலையைத் தூக்காமல் போனான்.

"தப்பாயிடுச்சும்மா," என்றார் துரைராஜ் ஸ்ரீவித்யாவிடம். "இருபத்திரண்டு வருசம் கூட இருந்தவன். இன்னியோட அனுப்பிடறேன். ஒடம்பு சரியில்லன்னு நின்னுட்டான்னு சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா கம்பெனிக்குத்தான் அசிங்கம். நீ நாளைக்கே வந்துடு, ஒண்ணும் நடக்காத மாதிரி."

குமரேசனுக்கு ஆபாசம் அந்த ஒரு ஐகானோடு முடியவில்லை என்று தோன்றியது.

ஸ்ரீவித்யா காலையிலிருந்து முதல் தடவையாக நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னைத் திட்டினப்போ நாற்பது பேர் இருந்தாங்க சார். இப்போ ஆறு பேர் இருக்கோம்."

"அதாம்மா, மெதுவா ஒவ்வொருத்தருக்கா..."

"ஒரே நேரத்துல சொல்லணும் சார். அன்னிக்கு மாதிரியே."

துரைராஜ் அபிகாயிலைப் பார்த்தார். அபிகாயில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் முனியம்மா கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். "எல்லாம் எழுந்து வாங்கம்மா! மொதலாளி பேசணுமாம்! அந்த ஒதட்டு சமாச்சாரம், யார் பண்ணான்னு தெரிஞ்சிபோச்சு!" என்று அவள் போட்ட சத்தம் பிரஸ் மிஷின் வரை கேட்டிருக்கும். நாற்காலிகள் நகர்ந்தன. அதன்பிறகு துரைராஜுக்கு வேறு வழியில்லை.

ஹாலின் நடுவில் நின்று அவர் சொன்னார். சாம்பசிவன் பெயரைச் சொன்னார், ஸ்ரீவித்யா செய்யவில்லை என்று சொன்னார், கடைசியில் கொஞ்சம் இழுத்துவிட்டு, அவளைத் திட்டியது தன் தப்பு என்றும் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு பெண் அழுதாள். ஜெயகிருஷ்ணன் ஸ்ரீவித்யாவிடம் வந்து ஏதோ சொல்ல முயன்று, "பாட்டு ஆப் விஷயத்துல நீங்க செஞ்சது சரிதாங்க," என்று முடித்துக்கொண்டார்.

அவள் தன் மேசையில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்து, ஒரு வரியை அழித்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாக் கணினிகளையும் அணைத்து ஆன் செய்யச் சொன்னாள். ஒவ்வொரு மேசையிலிருந்தும் "போயிடுச்சு", "இங்கயும் போயிடுச்சு" என்று குரல்கள் வந்தன. முப்பத்திரண்டும் எண்ணி முடிகிற வரை அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. பிறகு புதிய பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி துரைராஜிடம் நீட்டினாள்.

"இது எதுக்கும்மா? நீதான் கீறியே."

"நான் வரலை சார். என் பேர் எனக்குத் திரும்பி வந்துடுச்சு. வேலையை வேற இடத்துல தேடிக்கறேன். இங்க உட்கார எனக்குக் குமட்டுது."

துரைராஜ் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே படி வரை வந்தார். "இன்னாம்மா இது? நாளைக்கே வேற எதுனா கண்றாவி வந்து ஒட்டிக்கினா யாரு எடுக்கறது?"

"அதை நீங்க வெள்ளிக்கிழமை யோசிச்சிருக்கணும் சார்," என்று சொல்லிவிட்டு ஸ்ரீவித்யா படியிறங்கினாள்.